சுற்றிலும் கடல், மழை மட்டும் ஏன் இல்லை?

கேள்வி: ஆடியில் கேரளாவில் மழை கொட்டித் தீர்க்கிறது, எங்களுக்கு மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று மண்ணை வாரி அடிப்பதோடு சரி. சித்திரையில் பரமக்குடிப் பக்கம் இடிமழை, அதுவும் இங்கே அபூர்வம். கடலோரத்தில் இருந்தும் ஏன் இப்படி?
– ஒரு வாசகி, தேவிபட்டினம்

பதில்: நியாயமான ஆதங்கம்தான். கடல் ஈரத்தைத் தரும், மழையைத் தராது. அந்த ஈரக்காற்று மேலே ஏற வேண்டும். ஏற ஏற அழுத்தம் குறைந்து காற்று விரியும், விரிந்தால் குளிரும் (மேகம் கட்டும்வரை கிலோமீட்டருக்குச் சுமார் 10 டிகிரி), அப்புறம்தான் நீராவி தூசியையும் உப்புத்துகளையும் பற்றிக்கொண்டு துளியாகும். காற்றை எது ஏற்றிவிடுகிறது என்பதை வைத்துத்தான் மழையில் இத்தனை வகை.

ஆடியில் ஏற்றிவிடுவது மேற்குத்தொடர்ச்சி மலை. அரபிக்கடல் காற்று மலையேறும்போதே அந்தப் பக்கம் பெய்துவிடுகிறது. இந்தப் பக்கம் இறங்கும்போது அமுங்கிச் சூடாகி, மிச்சமிருக்கும் மேகமும் கரைந்து, நம் கண்மாயில் கிடக்கும் தண்ணீரையும் உறிஞ்சிக்கொண்டு போகிற வறண்ட கச்சானாக வந்து சேர்கிறது.

சித்திரை இடிமழை வெப்பச்சலனத்தால் வருவது. வெயிலில் தரை காய்ந்து, அதன் மேலுள்ள காற்று தானாகவே கிளம்பி, சாயங்காலத்துக்குள் கருமேகமாக எழும்பிவிடும். கடலோரத்தில் மதியத்துக்கு மேல் கடல்காற்று வந்து தரையைத் தணித்துவிடுவதால் அந்த வேகம் கிடைப்பதில்லை. அதே கடல்காற்று உள்ளே போய் அங்குள்ள சூடான காற்றுக்கு அடியில் புகுந்து அதை மேலே தள்ளுவதால் பரமக்குடிப் பக்கம் இடிக்கிறது.

நம் மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். வடகிழக்குக் காற்று வங்கக்கடல் ஈரத்தோடு வரும், ஆனால் வெறும் காற்றுக்குத் தூறலும் சிறு மழையும்தான். காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவானால் நாலாபக்கக் காற்றும் அதை நோக்கி ஓடிவந்து, போக வழியில்லாமல் மேலே எழும்பும். கண்மாய் நிறைவது பெரும்பாலும் அப்போதுதான்.

புயலே இல்லாமலும் கொட்டும். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது, நம் ராமநாதபுரம் மாவட்டத்தின் ஓராண்டு மழையில் ஏறக்குறைய பாதி. ஒரு சின்ன வட்டாரத்தின் மேலேயே மேகங்கள் திரும்பத் திரும்ப வளர்ந்ததால் வந்த வினை. ராமநாதபுரம் நகரத்தில் அதில் கால் பங்குகூட இல்லை. ஆண்டு மழையில் பெரும்பங்கு இப்படிச் சில நாட்களில் வந்துவிடுவதால், உங்கள் ஊர்க் கண்மாயின் வரத்துக்காலைப் புரட்டாசிக்குள் தூர்வாரச் சொல்லி இப்போதே கேளுங்கள்.