வாசகர் கேள்வி: வாய்க்கால் தண்ணீர் மேற்கு, குறியீடு காவிரியா?

கேள்வி: காங்கேயம் பக்கம் எங்கள் காட்டுக்குப் பி.ஏ.பி. (பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம்) வாய்க்கால் பாசனம். அது மேற்கே போகும் ஆறுகளைத் திருப்பிய தண்ணீர். ஆனால் நீர்வடிப்பகுதித் (மழைநீர் ஒரே ஓடையில் வடிந்து சேரும் நிலப்பரப்பு) திட்டக் கோப்பில் எங்கள் ஊர்க் குறியீடு காவிரிக்குரிய 4பி என்று தொடங்குகிறது. பிழையா?

பதில்: பிழையில்லை. உங்கள் நிலத்தில் விழும் மழை எந்த ஆறு வழியாக எந்தக் கடலுக்கு வழிகிறது என்பதை வைத்தே குறியீடு தருகிறார்கள். வாய்க்காலில் வருவது கணக்கில் சேராது. காங்கேயம் மேட்டில் பெய்வது வடக்கே சரிந்தால் நொய்யல், தெற்கே சரிந்தால் அமராவதி. இரண்டும் காவிரியில்தான் கலக்கின்றன.

அகில இந்திய மண் மற்றும் நிலப் பயன்பாட்டு ஆய்வு அமைப்பு 1990-ல் நாட்டை 6 நீர்வள மண்டலங்களாகப் பிரித்தது. சிந்து 1, கங்கை 2, பிரம்மபுத்திரா 3. வங்கக் கடலுக்குப் போகும் மற்றவை 4, சிந்து நீங்கலாக அரபிக்கடலுக்குப் போகிறவை 5, மேற்கு ராஜஸ்தானின் மழைக்கால ஓடைகள் 6. இவற்றுக்குள் பெரியதிலிருந்து சிறியதாக 35 வடிநிலம், 112 நீர்ப்பிடிப்பு, 500 துணை நீர்ப்பிடிப்பு, 3,237 நீர்வடிப்பகுதி. எண்ணும் எழுத்தும் மாறி மாறி வரும்: 4 மண்டலம், பி காவிரி வடிநிலம், அடுத்த எண் நீர்ப்பிடிப்பு.

பொள்ளாச்சியில் ஆழியாற்றில் வடியும் நிலங்கள் 5-ல் வரும். அந்த ஆறு பாலக்காடு வழியே பாரதப்புழையில் சேர்ந்து பொன்னானியில் கடலைத் தொடுகிறது. சிறுவாணி அணை கேரளத்தில் இருந்தாலும், ஆறு பவானியில் சேர்வதால் அது 4. தமிழக அரசின் 17 வடிநிலப் பட்டியலில் பரம்பிக்குளம்–ஆழியாறு தனி வடிநிலம். அது வேறு கணக்கு, இதோடு சேர்த்துப் பார்க்காதீர்கள்.

கேள்வி: எங்கள் நீர்வடிப்பகுதியின் எல்லையை நாங்களே சரிபார்க்க முடியுமா?

பதில்: முடியும். 1:50,000 அளவுள்ள சர்வே ஆஃப் இந்தியா வரைபடம் வாங்குங்கள். பள்ளம் கடைசியாகப் பெரிய ஓடையில் விழும் இடத்தில் தொடங்கி, மேட்டைப் பிடித்துக்கொண்டே கோடு இழுங்கள். சமஉயரக் கோடுகளின் (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) கூர் உயரமான பக்கம் பார்த்தால் அது பள்ளம், தாழ்வான பக்கம் பார்த்தால் முகடு. எல்லைக்கோடு முகட்டில் சமஉயரக் கோட்டைச் செங்குத்தாக வெட்ட வேண்டும். தொடங்கிய இடம் தவிர எங்கும் ஓடையைத் தாண்டக் கூடாது.

அதிகம் தவறுவது வாய்க்காலில்தான். இருபுறமும் பாய வேண்டும் என்று அதை மேட்டை ஒட்டியே வெட்டியிருப்பார்கள். படத்தில் நீலமாக இருப்பதால் ஓடை என்று நினைத்துவிட்டால் எல்லை புரண்டுவிடும். வாய்க்காலுக்கு அடியில் பள்ளம் கடக்கும் பாலங்களைத் தேடிப் பாருங்கள், நிஜமான வடிகால் அதுதான். நம் சமவெளியில் 20 மீட்டர் இடைவெளிக் கோடுகளும் போதாது. ஐப்பசியில் நல்ல மழை பெய்த அன்றே நடந்து, தண்ணீர் எந்தப் பக்கம் பிரிகிறது என்று பார்த்துப் படத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.