எம்பிஏ இருந்தால்தான் மேனேஜரா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கவலைதான்: அடுத்த பதவிக்குப் போக இன்னொரு படிப்பு வேண்டுமா? தொழிற்சாலைகளின் மனிதவளத் துறையில் இருந்து ஆள் எடுத்தவன், பதவி உயர்வுக் குழுக்களில் உட்கார்ந்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்து ஓசூரில் ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில் எட்டு வருடமாக இருக்கிறேன். இப்போது ஷிஃப்ட் சூப்பர்வைசர். எனக்குப் பின்னால் வந்த பி.இ. பையன்கள் அசிஸ்டென்ட் மேனேஜர் ஆகிவிட்டார்கள். தபால் வழியில் எம்பிஏ சேரலாமா சார்?

இப்போது சேர முடியாது. எம்பிஏவுக்கு இளநிலைப் பட்டம் கட்டாயம். டிப்ளமோவை வைத்தே ஒரு வருடத்தில் எம்பிஏ வாங்கித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். அடுத்த கம்பெனி சான்றிதழைச் சரிபார்க்கும்போது அது மாட்டிக்கொள்ளும், இருக்கிற நல்ல பெயரும் போய்விடும்.

உங்களைத் தடுப்பது எம்பிஏ அல்ல, பட்டம். பல கம்பெனிகளில் ஒரு கிரேடுக்கு மேல் போக பட்டப்படிப்பு வேண்டும் என்று விதியே உண்டு. உங்கள் எச்ஆரிடம் நேராகக் கேளுங்கள்: டிப்ளமோவுக்கு எந்த கிரேடு வரை, விதிவிலக்கு உண்டா? விதி அப்படித்தான் என்றால் வேலை பார்த்துக்கொண்டே பி.இ. முடிப்பதுதான் வழி. கோவையில் அரசு தொழில்நுட்பக் கல்லூரி போன்ற இடங்களில் டிப்ளமோக்காரர்களுக்கு மாலை நேரப் பகுதிநேர பி.இ. பல காலமாக நடக்கிறது. வேலையில் இருப்பவர்களுக்குத் தனி வகுப்பு நடத்த மற்ற கல்லூரிகளுக்கும் ஏஐசிடிஇ (தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் மத்திய அமைப்பு) இப்போது அனுமதி தருகிறது. ஓசூருக்குப் பக்கத்தில் யாருக்கு அந்த அனுமதி இருக்கிறது என்று விசாரியுங்கள்.

பட்டம் வரும்வரை சும்மா இருக்கவும் வேண்டாம். வாகனத் துறைத் தர நிர்ணயமான ஐஏடிஎஃப் 16949க்கான உள்தணிக்கையாளர் பயிற்சி, எஃப்எம்இஏ (எங்கே பழுது வரலாம் என்று முன்கூட்டியே அலசுவது), எஸ்பிசி (புள்ளிவிவரத்தால் உற்பத்தியைக் கட்டுக்குள் வைப்பது), எம்எஸ்ஏ (அளவீட்டை நம்பலாமா என்று சோதிப்பது) ஆகியவற்றைக் கம்பெனி செலவிலேயே படிக்கக் கேளுங்கள். எந்த மெஷினில் ஏன் ரிஜெக்‌ஷன் வருகிறது என்பது உங்களுக்குச் சத்தத்தை வைத்தே தெரியும். அதை எண்ணாகவும் வரைபடமாகவும் கஸ்டமர் ஆடிட்டர் முன்னால் வைக்கத் தெரிவதுதான் உங்களுக்கும் அந்த பி.இ. பையனுக்கும் இருக்கிற இடைவெளி. குறைபாடுகளைக் குறைக்கும் முறையான சிக்ஸ் சிக்மாவில் கிரீன் பெல்ட் என்ற சான்றிதழும் நல்லது. ஆனால் அதற்கென உலகத்துக்கே பொதுவான ஒரே அமைப்பு கிடையாது, யார் வேண்டுமானாலும் பெல்ட் தரலாம். அதனால் இன்டர்வியூவில் நான் பெல்ட்டைப் பார்ப்பதில்லை. எந்தப் பிரச்சினையை எடுத்தீர்கள், எவ்வளவு குறைத்தீர்கள், ஆறு மாதம் கழித்தும் அது நின்றதா என்றுதான் கேட்பேன். அதற்குப் பதில் சொல்ல முடிகிற டிப்ளமோக்காரரை எடுக்க நான் நிர்வாகத்திடம் வாதாடியிருக்கிறேன்.

பொதுத்துறை வங்கியில் கிளார்க். ஆஃபீசர் பிரமோஷனுக்கு எம்பிஏ ஃபைனான்ஸ் உதவுமா, ஜேஏஐஐபி போதுமா?

முதலில் ஜேஏஐஐபி, அப்புறம் சிஏஐஐபி. இரண்டும் வங்கி ஊழியர்களுக்கான தொழில்முறைத் தேர்வுகள். முதலாவதில் நான்கு தாள், இரண்டாவதில் ஐந்து தாள். ஒவ்வொன்றிலும் 50 மதிப்பெண் எடுக்க வேண்டும். அல்லது ஒரே முறையில் எல்லாத் தாளும் எழுதி, ஒவ்வொன்றிலும் 45க்குக் குறையாமல் மொத்தத்தில் 50 சதவீதம் இருந்தாலும் தேர்ச்சி. பாஸ் செய்தால் இன்கிரிமென்ட் உண்டு. பிரமோஷனில் இது எவ்வளவு கைகொடுக்கும் என்பதை உங்கள் வங்கியின் கொள்கைச் சுற்றறிக்கையில் பாருங்கள். எம்பிஏவை ஆஃபீசர் ஆனபிறகு யோசிக்கலாம்.

மகன் பிபிஏ கடைசி வருடம். சென்னையில் ஒரு கல்லூரியில் பிஜிடிஎம் கிடைக்கும் போல் இருக்கிறது, கட்டணம் 11 லட்சம். எம்பிஏ என்று பெயர் இல்லையே, செல்லுமா? வீட்டுப் பத்திரத்தை வைத்துத்தான் கடன் வாங்க வேண்டும். (மதுரையிலிருந்து ஒரு தந்தை)

ஐயா, பெயரைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். நம் நாட்டில் பட்டம் கொடுக்கும் அதிகாரம் பல்கலைக்கழகங்களுக்கும் சட்டம் அனுமதித்த நிறுவனங்களுக்கும்தான். மற்றவை டிப்ளமோதான் தர முடியும், பிஜிடிஎம் என்பது அப்படியொரு முதுநிலை மேலாண்மை டிப்ளமோ. 2017ஆம் ஆண்டு ஐஐஎம் சட்டம் வரும்வரை ஐஐஎம்களே டிப்ளமோதான் கொடுத்தன. அந்தக் கல்லூரிக்கு ஏஐசிடிஇ அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். மகன் பின்னாளில் அரசு வேலைக்கோ பிஎச்டிக்கோ போவார் என்றால், இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் அந்தப் படிப்பை எம்பிஏவுக்கு இணையாக ஏற்றிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

எனக்குக் கவலை அந்தப் பத்திரம்தான். 10 லட்சம் ரூபாயை 10.5 சதவீத வட்டியில் ஏழு வருடத்துக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறக்குறைய 16,900 ரூபாய். படிக்கும் காலத்து வட்டி இதற்கு மேல். கல்லூரி விளம்பரத்தில் போடும் அதிகபட்சச் சம்பளத்தை மறந்துவிடுங்கள். அது ஒரே ஒரு பையனுடையது. சென்ற ஆண்டு மாணவர்கள் எல்லோரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவருக்கு எவ்வளவு என்று கேளுங்கள். எத்தனை பேர் வேலை கேட்டுப் பதிந்தார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது, அதில் டார்கெட் வைத்து இன்சூரன்ஸ் விற்கிற வேலை எத்தனை? சொல்லத் தயங்கினால் அந்த வாசலை விட்டு இறங்கிவிடுங்கள்.

என் யோசனை: இரண்டு வருடம் வேலை பார்க்கட்டும். கடை, கிடங்கு, விற்பனை, எதுவானாலும் சரி. நிர்வாகப் படிப்பில் சொல்லித் தருவதெல்லாம் ஒரு சம்பள நாளின் நெருக்கடியையாவது கிட்டப் பார்த்தவனுக்குத்தான் உள்ளே இறங்கும். வேலைக்கு நடுவே ஐஐஎம்களின் நுழைவுத் தேர்வான கேட் (CAT) எழுதட்டும், அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் நுழைவுத் தேர்வான டான்செட்டும் எழுதட்டும். டான்செட் வழியில் அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிகளில் இடம் கிடைத்தால் கட்டணம் இதில் ஒரு சிறு பங்குதான். 21 வயதுப் பையனுக்காக வீட்டை இன்றே பணயம் வைக்கும் அவசரம் ஒன்றும் இல்லை.

திருப்பூரில் பனியன் கம்பெனி டைம் ஆஃபீஸில் இருக்கிறேன், பி.காம். எச்ஆர் மேனேஜர் ஆக எம்பிஏவா, எம்எஸ்டபிள்யூவா (முதுநிலை சமூகப்பணி)?

இங்கே சட்டமே பாதிப் பதிலைச் சொல்லிவிடுகிறது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 49ஆம் பிரிவுப்படி 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் இருந்தால் நல அலுவலர் வைத்தே ஆக வேண்டியிருந்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அதை 250 ஆகக் குறைத்திருக்கிறது. அந்தப் பதவிக்கு என்னென்ன படிப்பு செல்லும் என்பது மாநில அரசின் விதியில் இருக்கிறது. சமூகப்பணி, தொழிலாளர் மேலாண்மை சார்ந்த படிப்புகளுக்கே அங்கு வழக்கமாக இடம். எம்பிஏ எச்ஆர் எல்லாமே அதில் வந்துவிடாது. சேரும் முன் அந்தப் பட்டியலைப் பார்த்துவிடுங்கள், முடித்தபின் தெரிந்து அழுதவர்களை எனக்குத் தெரியும்.

1952இல் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க், அரசின் தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையம் இரண்டும் இந்தத் துறையில் மதிப்புள்ளவை. பி.எஃப்., இ.எஸ்.ஐ., ஓவர்டைம் கணக்கு எல்லாம் உங்கள் கையில் ஏற்கெனவே இருக்கிறது. அதோடு இந்தப் படிப்பு சேர்ந்தால் கம்பெனிக்கு நீங்கள் தவிர்க்க முடியாதவர் ஆகிவிடுவீர்கள்.

ஐடி டீம் லீட். பிஎம்பி செய்யலாமா?

பிஎம்பி என்பது ப்ராஜெக்ட் நிர்வாகத்துக்கான சர்வதேசச் சான்றிதழ். ப்ராஜெக்டை நடத்தத் தொடங்கிவிட்டீர்கள் என்றால் செய்யலாம். நான்கு வருடப் பட்டம் இருந்தால் 36 மாதம் ப்ராஜெக்டுகளை வழிநடத்திய அனுபவம், கூடவே 35 மணி நேரப் பயிற்சி வேண்டும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை 60 பிடியூ (தொடர்ந்து கற்றதற்கான புள்ளிகள்) காட்டிப் புதுப்பிக்கவும் வேண்டும். விண்ணப்பத்தைத் தணிக்கைக்கு எடுப்பார்கள், அனுபவத்தைக் கூட்டி எழுதாதீர்கள். கிளையன்ட் ஒப்பந்தங்களில் இதைக் கேட்கிறார்களா என்று உங்கள் டெலிவரி மேனேஜரிடம் கேட்டுக்கொண்டு பணம் கட்டுங்கள்.

சிஏ இன்டர் இரண்டு குரூப்பும் பாஸ். ஆடிட்டரிடம் மூன்று வருட ஆர்ட்டிகிள்ஷிப் (பயிற்சி) முடித்தேன். ஃபைனலில் நான்கு முறை தோல்வி. குழந்தை பிறந்தபின் ஐந்து வருடமாக வீட்டில் இருக்கிறேன். இனி ஃபைனான்ஸ் மேனேஜர் என்று நினைத்துப் பார்க்கலாமா சார்?

கட்டாயம் நினைக்கலாம் அம்மா. ஆடிட் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடத்தான் சிஏ வேண்டும். ஃபைனான்ஸ் மேனேஜருக்கு, ஏன் சிஎஃப்ஓவுக்கே (தலைமை நிதி அதிகாரி), இன்ன படிப்பு இருக்க வேண்டும் என்று கம்பெனிச் சட்டம் சொல்லவில்லை. பெரிய கம்பெனிகள் சிஏ கேட்கும், அது அவர்கள் விருப்பம். நடுத்தர உற்பத்தி நிறுவனங்கள் தேடுவது மாதக் கணக்கைச் சரியாக மூடி, வங்கிக்குப் பதில் சொல்லத் தெரிந்த ஆளை. அந்த வேலைக்கு ஆர்ட்டிகிள்ஷிப் முடித்தவர்களை நான் விரும்பி எடுத்திருக்கிறேன்.

ஐந்து வருட இடைவெளியில் மாறியதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டினால் இப்போது இ-இன்வாய்ஸ் (ஜிஎஸ்டி தளத்தில் பதிந்து எடுக்கும் மின்னணு விலைப்பட்டியல்) கட்டாயம். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் இடத்தில் 2026 ஏப்ரல் முதல் புதுச் சட்டம். ஒருவிதத்தில் இது உங்களுக்குச் சாதகம், பிரிவு எண்களை எல்லோரும் புதிதாகத்தான் படிக்க வேண்டியிருக்கிறது. பழைய ஆடிட்டரிடம் மூன்று மாதம் பகுதிநேரமாகப் போய்வர முடியுமா என்று கேளுங்கள்.

பயோடேட்டாவில் "சிஏ ஃபைனல் முடிக்கவில்லை" என்று தொடங்காதீர்கள். முதல் வரியில் "சிஏ இன்டர், இரு குரூப், மூன்று ஆண்டு ஆர்ட்டிகிள்ஷிப்" என்று எழுதுங்கள். அடுத்த வரியிலிருந்து நீங்கள் பார்த்த ஆடிட்கள் வரட்டும்: எந்த மாதிரி நிறுவனம், எவ்வளவு விற்றுமுதல், அதில் நீங்கள் கண்டுபிடித்த தவறு என்ன.