சிப்பிக்குப் பாகக் கணக்குத் தெரியாது

பழைய சிப்பி, நத்தை ஓடுகளை வைத்து அந்தக் காலத்துக் கடலின் ஆழத்தை எப்படிக் கணிக்கிறார்கள் என்று கேளுங்கள், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன் என்றிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

உப்புவெளி, உயர்தர மாணவி: சேர், செத்த சிப்பி எப்படி ஆழம் சொல்லும்?

அது ஆழத்தைச் சொல்வதில்லை, பிள்ளை. தான் குடியிருந்த வீட்டைத்தான் சொல்லும். எத்தனை பாகம் (ஒரு பாகம் சுமார் 1.8 மீட்டர்) தண்ணீர் என்று சிப்பிக்குத் தெரியாது. வெளிச்சம் விழுகிறதா, அலை அடிக்கிறதா, கீழே மணலா சேறா, தண்ணீர் குளிரா, தின்ன என்ன கிடைக்கும் என்பதுதான் அதற்குத் தெரியும். இவையெல்லாம் ஆழத்தோடு மாறுவதால் வீட்டைப் பார்த்து நாங்கள் ஆழத்தைக் கணக்குப் போடுகிறோம்.

சில வீடுகள் மிகத் தெளிவானவை. கடற்கரைப் பாறையில் காலைக் கிழிக்கிற சிப்பி இருக்கிறதே, அது வற்றுக்கும் பெருக்குக்கும் இடையில் ஒட்டி வாழ்வது. எங்கள் திருகோணமலைக் கரையில் அந்த இடைவெளி ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆகவே பாறையில் ஒட்டியபடியே பழைய சிப்பி வரிசை ஒன்று கிடைத்தால் அன்றைய கடல்மட்டம் ஏறக்குறையக் கைக்குள் வந்துவிடும். இத்தாலியில் பொட்சுவோலி என்ற ஊரில் ரோமர் காலத்துச் சலவைக்கல் தூண்கள் மூன்று நிற்கின்றன. கல்லைத் துளைத்து வாழும் கடற்சிப்பியின் துளைகள் அவற்றில் ஆள் உயரத்துக்கும் மேலே இருக்கின்றன. தூண் நின்ற நிலையிலேயே நிலம் கடலுக்குள் இறங்கிப் பிறகு ஏறியிருக்கிறது. 1830இல் புவியியலாளர் சார்ல்ஸ் லயல் தன் நூலின் முகப்புப் படமாகப் போட்டது அந்தத் தூண்களைத்தான்.

கிண்ணியா, கடற்றொழிலாளர்: ஒரே சங்கு பத்துப் பாகத்திலும் கிடக்கும், நாலு பாகத்திலும் கிடக்கும். எதை நம்புவது?

ஒன்றை மட்டும் நம்பக் கூடாது. ஒரே படுகையில் கிடக்கும் எல்லா இனத்தையும் எடுங்கள். உதாரணத்துக்கு, ஒன்று 5 முதல் 40 மீட்டர் வரை வாழும், இன்னொன்று 15 முதல் 80 வரை, மூன்றாவது 10 முதல் 30 வரை. மூன்றும் சேர்ந்து வாழக்கூடிய இடம் 15 முதல் 30 வரைதான். இனம் கூடக் கூட இடைவெளி ஒடுங்கும். ஆனால் அவை உயிரோடு சேர்ந்து வாழ்ந்தவையாக இருக்க வேண்டும். செத்த பிறகு அலை கூட்டி அள்ளியவை என்றால் கணக்கு பிழைக்கும்.

மூதூர், ஆசிரியை: நுண்ணிய சேறு என்றால் ஆழமான, அமைதியான கடல் என்றுதானே படித்தோம்?

படித்தது பொதுவில் சரி. அதைப் பொய்யாக்குகிற இடம் உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, ரீச்சர். தம்பலகாமம் குடாவை எடுங்கள். ஆழம் குறைந்த தண்ணீர், அலை இல்லை, அடி முழுக்கச் சேறு. அந்தச் சேற்றின் மேல் தட்டையாகப் படுத்துக் கிடப்பது கண்ணாடிச் சிப்பி. தாள் போல மெல்லிய ஓடு, வெளிச்சம் ஊடுருவும். கோவாவில் பழைய வீடுகளின் ஜன்னலுக்கு அதைத்தான் பதித்தார்கள். அதில் கிடைக்கும் சிறு முத்துக்காகத் தம்பலகாமத்தில் சிப்பி குளித்திருக்கிறார்கள். கடல் உயிரியலாளர் ஜேம்ஸ் ஹார்னெல் 1906இல் அதுபற்றி அறிக்கையே எழுதினார். நாளைக்கு அந்தச் சேறு கல்லானால், கல்லை மட்டும் பார்ப்பவர் ஆழ்கடல் என்று எழுதிவிடுவார். அதே கல்லில் கண்டல் சேற்றில் ஊரும் கூம்பு நத்தை நாலைந்து கிடந்தால் அவருடைய எழுத்து நிற்காது.

மறுபக்கம், கொட்டியாரக் குடாவிலிருந்தே ஒரு கடலடிப் பள்ளத்தாக்கு இறங்கி 3,000 மீட்டருக்கும் மேல் ஆழத்துக்குப் போகிறது. கரையோரச் சிப்பி மணலோடு சரிந்து அதற்குள் விழலாம். அப்போது ஓடு சொல்வது ஓர் ஆழம், அது கிடக்கும் இடம் வேறோர் ஆழம்.

பெயர் வேண்டாம் என்றவர்: ஐம்பது பாகத்தில் போட்ட வலையில் கரையோரச் சிப்பி, தேய்ந்துபோய், நிறமில்லாமல் வந்தது.

உங்கள் வலை பிழையில்லை, அண்ணை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழி உச்சத்தில், கடல் இன்றைக்கு விட 120 மீட்டர் அளவு கீழே நின்றது. ஐம்பது பாகம் என்றால் 90 மீட்டர். அது அன்றைக்குக் காய்ந்த தரை. கடல் ஏறிவந்தபோது அங்கே ஒரு கரை இருந்திருக்கும். அந்தக் கரையின் சிப்பியாக அது இருக்கலாம்.

நிலாவெளி: கிணறு வெட்டும்போது சிப்பிப் படை வந்தது. கடல் அதுவரை வந்ததா?

மூன்று சந்தேகம் தீர்க்க வேண்டும். கருகியிருந்தால், ஒரே அளவுத் தின்னும் மட்டியாக இருந்தால், பழைய மனிதர் சாப்பிட்டுப் போட்ட குவியலாக இருக்கும். நாலு வகை ஆழத்து ஓடும் உடைந்து மணலோடு கலந்து ஒரே படையாக இருந்தால் 2004 மாதிரி ஓர் அலை கொண்டுவந்ததாக இருக்கலாம். இரண்டு மூடியும் சேர்ந்தபடி, மண்ணுக்குள் நிமிர்ந்து நின்ற நிலையில் மட்டி இருந்தால்தான் அது அங்கேயே வாழ்ந்து செத்தது. சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன் கடல் இன்றைய மட்டத்தைவிடச் சற்று உயர்ந்து நின்றது. தென்கரையில் ஹுங்கம பக்கம் தோண்டி எடுக்கும் சிப்பிப் படுகைகளுக்கு அதுதான் காரணம். உங்கள் கிணற்றிலும் அப்படி இருக்க இடமுண்டு. மண்ணோடு ஒரு படம் எடுத்துவிட்டுத் தோண்டுங்கள்.

கோணேசர் மலைப் பாறையில் தேடலாமா?

வேண்டாம். அது வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய கல். உயிர்ச்சுவடு வேண்டுமானால் யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கல்லைப் பாருங்கள்.

அரியலூர் போய்வந்த ஒருவர்: அங்கே அம்மோனைட் கிடைக்கிறது. அதை வைத்து ஆழம் சொல்லலாமா?

இந்தக் கேள்விக்குள் எனக்குப் பிடித்த மனிதர் ஒருவர் இருக்கிறார். 1841இல் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற பிரித்தானிய இயற்கையியலாளர் கிரேக்கத்துப் பக்கம் ஏஜியன் கடலில் அடிமண்ணை அள்ளி அள்ளிப் பார்த்து, எந்த ஆழத்தில் எந்த மெல்லுடலி என்று எட்டு வலயம் பிரித்தார். 300 பாகத்துக்குக் கீழே உயிரே இராது என்றும் சொன்னார். அது பெரும்பிழையாய்ப் போனது. ஆனால் வலயம் என்ற யோசனை இன்றும் ஓடுகிறது. அதே ஃபோர்ப்ஸ்தான் 1846இல் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சி பக்கத்து உயிர்ச்சுவடுகளை ஆராய்ந்து எழுதினார்.

அம்மோனைட் என்பது சுருள் ஓட்டுக்குள் வாழ்ந்து அற்றுப்போன கடலுயிர். அதில் ஒரு வில்லங்கம் உண்டு. அதன் உறவான, இன்றும் கடலில் வாழும் நாட்டிலஸ் செத்தால் ஓட்டுக்குள் இருக்கும் வாயு அதை மிதக்கவிடும். எங்கெங்கோ போய் ஒதுங்கும். அதனால் கிடைத்த இடம் வாழ்ந்த இடமாகாது. ஆனால் உள்ளே இருக்கும் தடுப்புச் சுவர்களின் வலிமையைக் கணக்கிட்டால் இதற்கு மேல் ஆழம் போனால் ஓடு நொறுங்கும் என்ற எல்லை கிடைக்கும். நாட்டிலஸுக்கு அது 800 மீட்டர் அளவில்.

ஆய்வுகூடத்தில் போட்டால் நேரே விடை வராதா?

ஓட்டிலுள்ள ஒட்சிசன் சமதானிகள், அதாவது பாரம் வேறுபட்ட ஒட்சிசன் அணுக்கள், தண்ணீரின் வெப்பநிலையைக் காட்டும். ஆழம் கூடினால் குளிர், குளிர்ந்தால் பாரமான ஒட்சிசன் கூடும். ஆனால் மாரியில் மகாவலி பெருகி நன்னீர் கலந்தால் பாரமான ஒட்சிசன் குறையும். கருவி அதைச் சூடு என்று வாசித்துவிடும். இன்னொரு பொறி: பல நத்தை ஓடுகள் அரகனைட், பாறைச் சிப்பி கல்சைட்; இரண்டும் ஒரே சுண்ணாம்புப் பொருளின் இருவேறு பளிங்கு வடிவங்கள். நிலத்தடி நீர் அரகனைட்டை முதலில் கரைத்துவிடும். மிஞ்சிய சிப்பியைப் பார்த்து இங்கே சிப்பி மட்டுமே வாழ்ந்தது என்று முடிவெடுத்தால் பிழை. கரைந்த நத்தையின் அச்சு கல்லில் வெற்றிடமாக இருக்கும், அதையும் எண்ண வேண்டும்.

உப்புவெளி மாணவி மறுபடி: புறாமலையில் பொறுக்கிப் பழகலாமா சேர்?

அது தேசியப் பூங்கா, ஓர் ஓடுகூட எடுக்கக் கூடாது. உப்புவெளிக் கரையிலேயே தொடங்கு. ஒரு சதுர மீட்டரைக் கயிற்றால் அடைத்து, எத்தனை இனம், எத்தனை இரட்டை மூடி, எத்தனை தேய்ந்தது என்று எண்ணிக் கொப்பியில் எழுதிக்கொண்டு வா. நத்தை ஓட்டைத் தூக்குமுன் உள்ளே நண்டு இருக்கிறதா பார்.