நஷ்டத்தில் விற்றால் வரி குறையும், கடன் குறையுமா?

கேள்வி: அரசுப் பள்ளி ஆசிரியர் நான். மைத்துனர் சொன்னாரென்று 10 மாதத்துக்கு முன் 14% வட்டிக்கு 4 லட்சம் தனிநபர் கடன் (5 வருடத் தவணை) எடுத்து ஒரே பங்கில் போட்டேன். இன்று அதன் மதிப்பு 2.5 லட்சம். "இன்னும் 2 லட்சம் கடன் வாங்கி அதே பங்கில் போடு, வாங்கிய சராசரி விலை குறைந்து ஆவரேஜ் ஆகிவிடும்" என்கிறார். நஷ்டத்தில் விற்றால் சம்பள வரியில் கழிக்கலாமா? இந்த வருடம் வேறு பங்கில் 50,000 ரூபாய் குறுகிய கால லாபம் வந்திருக்கிறது. – நாமக்கல் வாசகர்

பதில்: சம்பளத்தில் கழிக்க முடியாது. அந்த 50,000 லாபத்தில் கழிக்கலாம். மார்ச் 31-க்குள் விற்றால், 20% வரியும் அதன் மேல் செஸ்ஸும் (கூடுதல் வரி) சேர்த்து 10,400 ரூபாய் மிச்சம். மீதி 1 லட்சம் நஷ்டத்தை 8 வருடம் வரை முன்னெடுத்துச் சென்று, பின்னால் வரும் மூலதன லாபத்தில் கழிக்கலாம். ஆனால், கெடு தேதிக்குள் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்திருக்க வேண்டும். அதற்கு ஐடிஆர்-1 படிவம் போதாது, ஐடிஆர்-2 படிவம் போடுங்கள்.

12 மாதம் தாண்டவிடாதீர்கள். தாண்டினால் அது நீண்ட கால நஷ்டம். நீண்ட கால லாபத்தில் மட்டுமே கழியும். உங்கள் 50,000-க்கு வரி கட்டித்தான் ஆக வேண்டும்.

சரி, வரி இவ்வளவுதான். எனக்குக் கவலை உங்கள் கடன் மேல். அசல் இன்னும் சுமார் 3.5 லட்சம் நிற்கும். வருட வட்டி ஏறக்குறைய 49,000. அந்த வட்டியைப் பங்கு லாபத்தில் செலவாகக் காட்டவும் முடியாது. 2.5 லட்சம் மறுபடி 4 லட்சமாக 60% ஏற வேண்டும். அதுவரை தவணை நிற்குமா? விற்ற பணத்தை அப்படியே கடனில் கட்டினால் வருடத்துக்குச் சுமார் 35,000 வட்டி குறையும். வரியில் மிஞ்சுவதைப்போல மூன்று மடங்குக்கும் மேல்! பகுதி அடைப்புக்குக் கட்டணம் உண்டா என்று மட்டும் வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கடன் வேண்டவே வேண்டாம். மைத்துனருக்கு நம்பிக்கை இருந்தால் அவர் பணத்தில் வாங்கட்டும். தவணை உங்கள் சம்பளத்தில்தானே பிடிக்கிறார்கள்? அடுத்து "எஃப் அண்ட் ஓ-வில் (பங்கின் வருங்கால விலையை வைத்துச் செய்யும் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் ஒப்பந்த வர்த்தகம்) மீட்டுவிடலாம்" என்று யாராவது வருவார்கள். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் அதில் இறங்கிய தனிநபர்களில் 93% பேர் நஷ்டப்பட்டார்கள் என்கிறது பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் ஆய்வு. தப்பித் தவறி லாபம் வந்தாலும் அது வணிக வருமானம்; முன்னெடுத்து வைத்த உங்கள் 1 லட்சம் நஷ்டத்தை அதில் கழிக்க முடியாது.