தண்டர்பேர்ட் மின்னஞ்சல் மென்பொருள் திறந்ததும் உறைந்து போகிறது, காலண்டர் ஆட்-ஆன்தான் காரணமா?

பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும், ஆனால் உறுதி செய்துகொண்டு கைவையுங்கள். விண்டோஸில் ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி தண்டர்பேர்டைத் திறந்தால் ஆட்-ஆன்கள் (கூடுதல் வசதிக்காக நாம் நிறுவும் துணைநிரல்கள்) இல்லாத பழுதறியும் நிலையில் வரும். அதில் உறையவில்லை என்றால் ஏதோ ஒரு ஆட்-ஆன்தான் குற்றவாளி. அப்புறம் ஆட்-ஆன் பக்கத்தில் எல்லாவற்றையும் முடக்கி, ஒவ்வொன்றாக இயக்கிப் பாருங்கள். கூகுள் காலண்டரை இணைக்கும் ஆட்-ஆனிலிருந்து தொடங்கலாம்.

முன்பு லைட்னிங் என்று தனியாக நிறுவிய காலண்டர், 2020இல் வந்த 78ஆம் பதிப்பிலிருந்து தண்டர்பேர்டுக்குள்ளேயே இருக்கிறது. அதனால் பழுதறியும் நிலையிலும் உறைந்தால், காலண்டர் மேல் உள்ள சந்தேகம் போய்விடாது. இணையத்திலிருந்து வரும் காலண்டர்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். பல வருட நிகழ்வுகள் குவிந்த காலண்டர்தான் வழக்கமாகத் தொல்லை தரும்.

அப்போதும் சரியாகவில்லையா? உதவி மெனுவில் பழுதறியும் தகவல் பக்கத்திலிருந்து, உங்கள் அஞ்சல்களும் அமைப்புகளும் இருக்கும் புரொஃபைல் கோப்புறையைத் திறந்து, தண்டர்பேர்டை மூடுங்கள். உள்ளே காலண்டர்-டேட்டா (calendar-data) என்ற கோப்புறை இருக்கும். முதலில் அதை அப்படியே வேறிடத்தில் நகலெடுத்து வையுங்கள். அதிலுள்ள 'கேஷ்' (cache) கோப்பு இணையக் காலண்டர்களின் தற்காலிக நகல்; அதன் பெயரை மாற்றினால் போதும், அடுத்த முறை அந்த நிகழ்வுகள் சர்வரிலிருந்து புதிதாக இறங்கும். 'லோக்கல்' (local) கோப்பை மட்டும் தொடாதீர்கள். கணினியிலேயே சேமித்த நிகழ்வுகள் அதில்தான் இருக்கின்றன, அவற்றுக்கு வேறு பிரதி கிடையாது.

கூகுள் காலண்டருக்கு இப்போது ஆட்-ஆன் கட்டாயமில்லை. கால்டாவ் (CalDAV) என்ற, காலண்டர்களை சர்வருடன் ஒத்திசைக்கும் பொது முறை வழியாக நேரடியாகவே சேர்க்கலாம். நான் அதையே பரிந்துரைப்பேன்.