"அம்மா வீட்டில் இல்லை"

கேள்வி:

அன்புள்ள அக்காவுக்கு, என் மகனுக்குப் பதினெட்டு வயது. இந்த வருஷ மெட்ரிக்கில் கெமிஸ்ட்ரியில் போய்விட்டது. ஜூனில் மறுபடி ட்யூஷன் சேர்த்தேன். தடின்ஜூட் விளக்குத் திருவிழாவுக்குப் பிறகு அங்கேயும் போவதில்லை. நாள் முழுக்க போன். கேட்டால், "அப்பா மாதிரி நானும் மலேசியாவுக்குப் போகிறேன்" என்கிறான். அவர் கோலாலம்பூரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை பார்க்கிறார், பணம் முன்போல் வருவதில்லை. நவராத்திரி அன்னதானத்துக்குக்கூட சிரமப்பட்டுத்தான் கொடுத்தேன். பையனுக்கு எதிலும் உறுதி இல்லை, சமர்த்தும் இல்லை. தடின்ஜூட் வாரத்தில் ட்யூஷன் சயா (ஆசிரியர்) மூன்று மாதப் பாக்கி கேட்டு வந்தார். "அம்மா வீட்டில் இல்லை" என்று சொல்லச் சொல்லி இவனை அனுப்பினேன். அதைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியாமல் வாசலில் முழித்துக்கொண்டு நின்றான். இவனுக்கும், எங்கள் கோவில் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்கும் ஒழுக்கமும் விடாமுயற்சியும் வர நாலு நல்ல வார்த்தை எழுதுங்கள். வகுப்பில் படித்துக் காட்டுகிறேன்.

– ஒரு தாய், பெகு, பர்மா

பதில்:

தங்கச்சி,

நாலு நல்ல வார்த்தை கேட்டிருக்கிறீர்கள். தரப்போவதில்லை. நானும் ரங்கூனில் இருபது வருஷமாக ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு நடத்துகிறேன். "பிள்ளைக்கு நாலு புத்தி சொல்லுங்க" என்று கையைப் பிடித்துக் கொண்டுவந்து விடாத அம்மா இல்லை. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் அந்தப் பிள்ளை என்னைப் பார்க்கிறது. மிச்ச நேரமெல்லாம் அந்த அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது.

உங்கள் கடிதம் நான்கு பக்கம், இங்கே சுருக்கிப் போட்டிருக்கிறோம். போனைப் பற்றியே ஒரு பக்கம் வருகிறது. சயா வந்த விஷயம் மூன்றே வரி, அதுவும் போகிற போக்கில். "அதைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியாமல்" என்று எழுதியிருக்கிறீர்கள். எதைச் சொல்லத் தெரியாமல்? பொய்யை. தனக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறவரின் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல உங்கள் மகனுக்கு நாக்கு எழவில்லை. அதை அவனுடைய குறைகளோடு சேர்த்து எழுதிவிட்டீர்கள். படித்தபோது எனக்குக் கோபம் வந்தது, மறைக்க மாட்டேன். ஒழுக்கம் வர வழி கேட்டு எழுதின கடிதத்தில், பிள்ளையிடம் அது இருப்பது தெரிந்த ஒரே இடத்துக்கு அசட்டுத்தனம் என்று பெயர் வைத்திருக்கிறீர்களே!

இன்னொன்று. தடின்ஜூட்டுக்குப் பிறகு ட்யூஷன் போவதில்லை என்று முதல் பக்கத்தில் இருக்கிறது. சயா வந்தது தடின்ஜூட் வாரத்தில் என்று மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. இரண்டையும் எழுதினது உங்கள் கைதான். சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லையா? ஜூனிலிருந்து நாலு மாதம் ஒழுங்காகப் போயிருக்கிறான். தோற்ற பாடத்தை, தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மறுபடி படித்திருக்கிறான். உறுதி இல்லாத பிள்ளையா அதைச் செய்யும்? அந்த வாசல் சம்பவத்துக்கு அப்புறம்தான் நின்றிருக்கிறான். அவன் எந்த முகத்தோடு போய் அவர் முன்னால் உட்காருவான்? நீங்கள் உள்ளே இருந்தது சயாவுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? வாசலில் உங்கள் செருப்பு கிடந்திருக்கும், அடுக்களையிலிருந்து தாளிக்கிற வாசம் வந்திருக்கும். அவர் ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போயிருப்பார்.

இங்கே பிறந்து வளர்ந்த உங்களுக்கு "ஆனாடே" என்ற சொல்லை நான் விளக்க வேண்டியதில்லை. அடுத்தவரைச் சங்கடப்படுத்தக் கூசுகிற அந்தக் கூச்சம் பர்மியர்களின் ரத்தத்திலேயே ஊறினது. அப்படிப்பட்டவர்களில் ஒருவர், கொடுத்த பாடத்துக்குக் கூலி கேட்டு மாணவன் வீட்டுப் படி ஏறுகிறார் என்றால், அவர் வீட்டில் அரிசிப் பானை எந்த நிலையில் இருந்தது என்று ஒரு நிமிஷம் யோசித்தீர்களா? அதுவும் எந்த வாரம்! புத்தர், தர்மம், சங்கம், பெற்றோர், ஆசிரியர் என்று ஐந்தையும் ஒரே வரிசையில் வைத்து வணங்குகிற நாடு இது. தடின்ஜூட்டில் பிள்ளைகள் பழமும் மெழுகுவர்த்தியும் எடுத்துக்கொண்டு சயா, சயாமா வீடு தேடிப் போய்க் காலில் விழுவார்கள். நமக்கும் சரஸ்வதி பூஜை அதே பருவத்தில்தான் வருகிறது. ஊர்ப் பிள்ளைகள் ஆசிரியரைத் தேடிப் போகிற வாரத்தில் உங்கள் வீட்டை ஆசிரியர் தேடி வந்தார். பிள்ளையை விட்டு விரட்டினீர்கள்.

"பணம் இல்லை, என்ன செய்யட்டும்?" என்று கேட்பீர்கள். பணம் இல்லாததை நான் குற்றம் சொல்லவே இல்லை. எங்கள் வீட்டில் இல்லாதிருந்ததையும் சொல்கிறேன், கேளுங்கள்.

1987 செப்டம்பரில் 25, 35, 75 சாட் நோட்டுகள் செல்லாது என்று ஒரே நாளில் அறிவித்தார்கள். மாற்றிக்கொள்ள வழியும் கொடுக்கவில்லை. நான் அப்போது மௌல்மீனில் ஒன்பதாம் வகுப்பு. அப்பா மார்க்கெட்டில் காய்கறி விற்றார். என் கணக்கு சயாவுக்குக் கொடுக்க வேண்டிய பணத்தை 75 சாட் நோட்டாக ஒரு துணியில் முடிந்து வைத்திருந்தார். மறுநாள் சாயங்காலம் அந்த முடிச்சை அப்படியே எடுத்துக்கொண்டு, "வா" என்று என்னையும் கூட்டிக்கொண்டு சயா வீட்டுக்குப் போனார். மரப்படி ஏறி, தரையில் உட்கார்ந்து, முடிச்சை அவிழ்த்துக் காட்டினார். "சயா, உங்களுக்கென்று எடுத்து வைத்தது இது. நேற்றோடு வெறும் காகிதமாகிவிட்டது. வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துவிடுகிறேன். என் மகளை நிறுத்திவிடாதீர்கள்." எனக்கு அவமானத்தில் உடம்பெல்லாம் கூசியது, ஏன்தான் என்னையும் இழுத்துக்கொண்டு வந்தாரோ என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சயாவுக்கும் அதே கதிதான் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. அவர் தன் பெட்டியிலிருந்த நோட்டுகளைக் காட்டினார்.

மறுநாள் நான் வகுப்புக்குப் போனேன். முன்வரிசையில்தான் உட்கார்ந்தேன். ஒளிய வேண்டிய விஷயம் ஒன்றும் எனக்கு இல்லை. கார்த்திகைக்குள் அப்பா பாக்கியை அடைத்தார், சில வாரம் பணமாக, சில வாரம் பூசணியும் கத்தரிக்காயுமாக. அடுத்த வருஷமே நாடு கலவரப்பட்டது. 1988-இல் மூடின கல்லூரிகள் 1991-இல்தான் திறந்தன. எங்கள் செட்டில் பாதிப் பேர் அந்த இடைவெளியில் படிப்பை மறந்து போனோம் என்றே சொல்லலாம். நான் மறக்கவில்லை என்றால் அதற்குக் காரணம் அந்த சயா. வாரம் ஒரு நாள் காசு வாங்காமல் எங்களில் நாலைந்து பேரை உட்கார வைத்துக் கணக்குப் போட வைத்தார். விடாமுயற்சி என்று நீங்கள் கேட்கிறீர்களே, அது எனக்கு வந்த வழி இதுதான். திரும்பிப் போக ஒரு வீடு இருந்தது. அந்த வீட்டுக்குத் தலை நிமிர்ந்து போகும்படி என் அப்பா என்னை வைத்திருந்தார்.

உங்கள் மகனுக்கு அந்த வீட்டின் கதவை நீங்கள் அடைத்துவிட்டீர்கள். அடைத்தவர்தான் திறக்க வேண்டும்.

இதில் எனக்குத் தளர்வே கிடையாது: வீட்டில் அரிசிக்கு அடுத்த செலவு ஆசிரியர் சம்பளம். அதற்கு அப்புறம்தான் மற்றதெல்லாம், அன்னதானம் உட்பட. அம்மன் ஒரு வருஷம் பொறுத்துக்கொள்வாள், கோவிலில் யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும். அப்புறம், உங்கள் வீட்டுக்காரருக்கு இந்தப் பாக்கி தெரியுமா? கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. அங்கே நாள் முழுக்க நின்றுகொண்டு உழைக்கிற மனுஷனுக்கு, தன் பிள்ளையின் படிப்பு எந்த இடத்தில் நின்றது என்று தெரிய வேண்டாமா? அடுத்த முறை போன் வரும்போது முதலில் இதைச் சொல்லுங்கள்.

மலேசியா பேச்சுக்கு நான் பெரிதாகக் கவலைப்படவில்லை. வேலைக்குப் போவது பாவமில்லை, நம் ஜனங்கள் கடல் தாண்டித்தான் இந்த மண்ணுக்கே வந்தார்கள். ஆனால் சயா வீட்டுத் தெருவைத் தாண்ட முடியாமல் மலேசியாவுக்குப் போகிற பிள்ளை, அங்கேயும் முதலாளி ஒரு வார்த்தை சொன்னால் அடுத்த கடையைத் தேடும். முதலில் இந்தத் தெருவைத் தாண்டட்டும். மார்ச்சில் பரீட்சை எழுதட்டும். அதற்கு மேல் அவனும் அவன் அப்பாவும் பேசி முடிவு செய்யட்டும்.

கெமிஸ்ட்ரி ஒன்றும் மலை இல்லை. மெட்ரிக்கில் தவறினதையும் உலக அவமானமாக நினைக்காதீர்கள். 2010-களில் இந்த நாட்டில் எழுதினவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் தேறினார்கள். நம் பிள்ளைகளுக்கு உள்ள கஷ்டம் வேறு. புத்தகம் ஆங்கிலத்தில், சயா விளக்குவது பர்மியத்தில், வீட்டில் தமிழ். மூன்றுக்கும் நடுவில் பொருள் நழுவிவிடுகிறது, பிள்ளை வெறுமனே மனப்பாடம் பண்ணிவிட்டுப் போகிறது, கேள்வியை ஒரு சொல் மாற்றிக் கேட்டால் திகைக்கிறது. நான் வகுப்பில் பார்த்துப் பலன் கண்ட ஒரு வழி: அன்றைக்கு ட்யூஷனில் நடந்ததை ராத்திரி உங்களுக்குத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். உங்களுக்குப் புரிய வேண்டும் என்பதில்லை. சொல்ல முடியாமல் எங்கே அவன் நிற்கிறானோ, அதுதான் மறுநாள் சயாவிடம் கேட்க வேண்டிய இடம். கரண்ட் இருக்கிற நேரத்தில் எழுத்து வேலை, இல்லாத நேரத்தில் இந்தப் பேச்சு. காய் நறுக்கிக்கொண்டே கேளுங்கள், ஆனால் போனைக் கையில் வைத்துக்கொண்டு கேட்காதீர்கள்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. முதலில் மகனை உட்கார வைத்து, "அன்றைக்கு உன்னைப் பொய் சொல்ல அனுப்பினது என் தப்பு. நீ சொல்லாமல் நின்றதுதான் சரி" என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். பெற்றவள் பிள்ளையிடம் தப்பை ஒத்துக்கொண்டால் மரியாதை போய்விடும் என்று நம் வீடுகளில் ஒரு நினைப்பு இருக்கிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அவனுக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயத்தைத்தான் சொல்லப்போகிறீர்கள். அப்புறம் இரண்டு பேரும் சயா வீட்டுக்குப் போங்கள். கையில் எவ்வளவு இருக்கிறதோ அதைக் கொடுங்கள். மிச்சம் மாதத்துக்கு எவ்வளவு, எந்தத் தேதியில் என்று மகன் முன்னாலேயே சொல்லுங்கள். அந்தத் தேதிகளில் பணத்தை அவன் கையில் கொடுத்தனுப்புங்கள். "அன்றைக்கு நான் வீட்டில்தான் இருந்தேன், சயா" என்பதையும் விடாமல் சொல்லிவிடுங்கள். கஷ்டமாக இருக்கும். உங்கள் மகன் அந்த வாசலில் நின்ற கஷ்டத்தைவிட அது பெரிதில்லை.

வகுப்பில் படித்துக் காட்ட ஏதாவது வேண்டும் என்றீர்கள். இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்ட வேண்டாம், உங்கள் பிள்ளை அங்கே உட்கார்ந்திருப்பான்.

சயா சனிக்கிழமைகளில் வீட்டில் இருப்பார் என்று கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். பணம் முழுதும் சேரட்டும் என்று காத்திருக்காமல், வருகிற சனிக்கிழமையே போய்விடுங்கள். காலையிலேயே போங்கள், அவருக்கு மத்தியானம் வகுப்பு இருக்கும்.