பல வருடமாக ஒரே வேண்டுதல், பதில் இல்லை. கடவுள் தரும் நேரம் வரும் என்று எப்படி நம்புவது?

எதற்காக வேண்டுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் "சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போகவே பிடிக்கவில்லை" என்று கேள்வியோடு ஒரு வரி சேர்த்திருக்கிறீர்களே, அது போதும். குழந்தைக்காகத்தான் காத்திருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். வேலைக்கோ கல்யாணத்துக்கோ என்றாலும் பரவாயில்லை, படியுங்கள்.

எனக்கு வேலூர் மாவட்டத்தில் பள்ளிகொண்டா பக்கம். கல்யாணமாகி வெகுகாலம் பிள்ளை இல்லை, அப்புறம் ஒரு பெண் பிறந்தாள். முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் "நம்பினேன், கிடைத்தது, நீங்களும் நம்புங்கள்" என்று எழுத நான் வரவில்லை. அப்படி எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம்தான் வரும். காரணம் என் ஓரகத்தி. எனக்கு மூத்தவர், அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

எங்கள் பக்கத்தில் பிள்ளை வரம் என்றால் விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீஸ்வரர் கோயில்தான். கார்த்திகைக் கடை ஞாயிறுக்கு முந்தின ராத்திரி சிம்ம குளத்தைத் திறப்பார்கள். நடுராத்திரியில் பெண்கள் அதில் முழுகி, ஈரப் புடவையோடு கோயிலுக்குள் படுக்க வேண்டும். கனவில் சாமி பெரியவர் உருவத்தில் வந்து பூவோ பழமோ கொடுத்தால் பிள்ளை பிறக்கும் என்பது நம்பிக்கை. நானும் அக்காவும் சேர்ந்தேதான் போனோம். போகிற பஸ்ஸில் "விரிஞ்சிபுரம் உள்ள போவாது" என்று செதுவாலையிலேயே பைபாஸில் இறக்கிவிட்டார்கள். ஏறும்போது தலையாட்டிக் காசு வாங்கிக்கொண்டு, பாதி வழியில் இருட்டில் பெண்களை இறக்கிவிடுவது என்ன நியாயமோ தெரியவில்லை. இன்றைக்கும் இப்படிச் செய்கிற பஸ்கள் இருக்கின்றன, கேட்பாரில்லை.

அந்த ராத்திரி கல்தரை ஐஸ் மாதிரி இருந்தது. எங்கே பார்த்தாலும் பெண்கள், நெருக்கியடித்துப் படுத்திருந்தார்கள். எனக்குப் பல் கிட்டித்துக்கொண்டது. அக்கா என் கூந்தலைப் பிடித்துத் தண்ணீரைப் பிழிந்துவிட்டு, "நீ தூங்குடி, தூங்குனாத்தான் கனவு வரும். பையை நான் பாத்துக்கறேன்" என்றார். நான் கண்ணயர்ந்தபோதெல்லாம் அவர் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார். அவரும் வரம் கேட்டு வந்தவர்தான். உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கனவு எதுவும் வரவில்லை.

பிறகு வைத்தியம் பார்த்தோம், என் மகள் பிறந்தாள். "ஊசி போட்டது டாக்டர், நன்றி சாமிக்கா?" என்று கேட்க இங்கே சிலர் வருவார்கள் என்று தெரியும். இரண்டு பேருக்கும்தான் நன்றி சொல்கிறேன். வைத்தியத்தை நான் மறைக்கவும் இல்லை, அதை விட்டுவிடச் சொல்லி யாரிடமும் சொன்னதும் இல்லை.

அக்காவுக்குப் பிறக்கவில்லை. அதே குளம், அதே விரதம், அதே வைத்தியம்தான். என் வளைகாப்பில் ஒரு பெரியம்மா அவர் கையில் இருந்த குங்குமச் சிமிழைச் சிரித்துக்கொண்டே வாங்கி வேறொருத்தியிடம் கொடுத்தார். அக்கா போட்டால்தான் முதல் வளையல் போட்டுக்கொள்வேன் என்று நான் கையை மடக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அவர்தான் போட்டார். "வேண்டுதல்ல ஏதாவது குறை இருந்திருக்கும்" என்று அன்றைக்கு முணுமுணுத்தவர்கள் உண்டு. உங்களிடமும் யாராவது அப்படிச் சொல்வார்கள். தயவுசெய்து காதில் வாங்காதீர்கள். பக்தியில் அவருக்கு ஒரு படி கீழேதான் நான் எப்போதும்.

இப்போதும் அவர் கடை ஞாயிறுக்குப் போகிறார். ஒரு தடவை என் மகளையும் கூட்டிப்போனோம். அங்கே அரைவட்டத்தில் எண்கள் வெட்டிய, நேரம் காட்டும் கல் ஒன்று இருக்கிறது. மேலே ஒரு குச்சியை வைத்தால் நிழல் விழுகிற எண்தான் மணி. ஈர்க்குச்சியை வைத்து அதைக் காட்டிவிட்டு, அக்கா அவளுக்குத் தலபுராணக் கதையைச் சொன்னார். அப்பாவை இழந்த அர்ச்சகர் வீட்டுச் சிறுவன் பூசை செய்ய வந்தான், லிங்கத்தின் உச்சி அவனுக்கு எட்டவில்லை, சாமியே தலையைச் சாய்த்துக் கொடுத்தார். இன்றும் லிங்கம் சற்றுச் சாய்ந்துதான் இருக்கிறது. கேட்டுக்கொண்டிருந்த என் மகள் பட்டென்று, "உங்களுக்கு ஏன் பெரிம்மா சாயல?" என்றாள். எனக்கு உயிரே போய்விட்டது. அக்கா முகம் மாறவில்லை. "அது எனக்கும் தெரியலடி கண்ணு. அதைக் கேக்கத்தானே வருஷா வருஷம் வரேன்" என்றார்.

உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதில் இவ்வளவுதான். நேரம் வரும் என்று நான் உத்தரவாதம் தர முடியாது. நம்புகிறவள் ஏன் என்று கேட்கக் கூடாது என்று யாராவது சொன்னால் அதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அக்கா கேட்கிறார், கோபித்துக்கொள்கிறார், மறுபடியும் போய் நிற்கிறார்.

வேலூரைப் பற்றிப் பழைய பேச்சு ஒன்று உண்டு: தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கருவறை தலைமுறை தலைமுறையாக வெறுமையாகத்தான் கிடந்தது. லிங்கம் சத்துவாச்சாரியில் இருந்தது. 1981 மார்ச் 16 அன்றுதான் அதைக் கொண்டுவந்து திரும்பப் பிரதிஷ்டை செய்தார்கள். 2021 நவம்பரில் பாலாற்றிலும் வெள்ளம் கரைபுரண்டது. இதை எல்லாரும் "பார்த்தாயா, காத்திருந்தால் நடக்கும்" என்று சொல்வார்கள். நான் வேறு ஒன்றை நினைப்பேன். 1980-இல் கண்ணை மூடிய ஒரு பாட்டியும் அந்தக் கருவறையில் விளக்கு எரிய வேண்டும் என்று வேண்டியிருப்பாள். அவள் பார்க்கவில்லை. அதற்காக அவள் வேண்டுதல் பொய்யாகிவிடுமா? அவளும் அக்காவும் ஒரே வரிசையில் நிற்கிறவர்கள் என்றுதான் நான் நம்புகிறேன். இதை நிரூபிக்கச் சொன்னால் என்னால் முடியாது.

வைத்தியம் இன்னும் பார்க்கவில்லை என்றால் கணவன் மனைவி இரண்டு பேரும் பாருங்கள், பெண்ணை மட்டும் அலைக்கழிக்கிற வீடாக இருந்தால் சண்டை போட்டாவது அவரையும் கூட்டிப்போங்கள். கடை ஞாயிறுக்கு வருவதாக இருந்தால் மாற்றுப் புடவையும் கம்பளியும் கட்டாயம் எடுத்து வாருங்கள். பஸ் ஊருக்குள் போகுமா என்று ஏறும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பையைப் பார்த்துக்கொள்ள யாரும் இல்லை என்று கவலைப்பட வேண்டாம், அக்காவும் நானும் அங்கேதான் இருப்போம்.